பல் கிளினிக் கொம்பியூட்டரைப் பூட்டுக்காரங்களிட்ட இருந்து காப்பாத்துற வழி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கிளினிக் நடத்துற ஆக்களுக்கு

கல்லடியில ஒரு தனியார் பல் கிளினிக்கில கணக்கு, அப்பொயின்ட்மென்ட், கொம்பியூட்டர் எல்லாத்தையும் பாக்கிறது நான்தான். எங்கட கிளினிக்கப் பாதுகாப்பாக்கணும் எண்டு வேலையத் தொடங்கக்குள்ள எதை முதல்ல செய்யிற, ஆரிட்ட கேக்கிற எண்டு சொல்ல ஒருத்தரும் இல்ல. கொழும்பில கேட்டா பெரிய ஆசுபத்திரிக்குக் குடுக்கிற கணக்கில சேவர், பயர்வோல் எண்டு பெரிய தொகைக்குக் கொட்டேஷன் அனுப்புறாங்க, இஞ்ச கடையில கேட்டா "அண்டிவைரஸ் ஒண்டு போட்டா சரி" எண்டுறாங்க. ரெண்டும் எங்களுக்குச் சரிவராது. ரெண்டு மூண்டு கொம்பியூட்டரும் ஒரு எக்ஸ்ரே சென்சரும் உள்ள கிளினிக்குக்கு என்ன தேவையோ அதை மட்டும் வரிசையா எழுதிரிக்கன், நான் அலைஞ்ச அலைச்சல் உங்களுக்கு வேணாம்.

"எங்கட சின்னக் கிளினிக்க ஆரு தேடி வரப்போறான்" எண்டு கன டொக்டர்மார் சொல்லுவாங்க. இப்பிடிக் கொம்பியூட்டரைப் பூட்டிக் காசு கேக்கிற பூட்டுக்காரன் (ரேன்சம்வெயார் எண்டுறது இதைத்தான்) ஆளைத் தேடுறதே இல்ல, திறந்து கிடக்கிற கதவைத்தான் தேடுறான், அதையும் மனிசன் இரிந்து தேடுறதில்ல, சொப்ட்வெயார் ராவு பகலாத் தேடிட்டே இரிக்கும். உள்ள வந்தா உங்கட பைல் எல்லாத்தையும் பூட்டிப்போட்டு காசு கேப்பான். 2019 ஆகஸ்ட்ல அமெரிக்காவில 400 பல் கிளினிக் அளவில ஒரே அடியாப் பூட்டுப்பட்டது. அந்தக் கிளினிக்குகள நேரா ஒருத்தனும் தொடல்ல, அவங்களுக்குப் பெக்அப் எடுத்துக் குடுத்த கொம்பனியத்தான் புடிச்சான், அதுக்குள்ளால எல்லா இடமும் போயிட்டான். அதாலதான் கீழ ரெண்டாவது படியில இவ்வளவு நேரம் நிக்கிறன்.

1. முதல்ல ஒரு கொப்பி எடுத்து எழுதுங்க

செலவு இல்ல, ஒரு பின்னேரம் போதும். கிளினிக்கில வயர் கொழுவின, வைபையில தொங்குற எல்லாத்தையும் எழுதுங்க: ரிசெப்ஷன் கொம்பியூட்டர், டொக்டர்ட அறையில உள்ளது, ஆர்விஜி சென்சர் (வாய்க்குள்ள வெச்சிப் பல் எக்ஸ்ரே எடுக்கிறது), ஓபிஜி மெஷினோட (முழுத் தாடையையும் ஒரே படமா எடுக்கிறது) வந்த கொம்பியூட்டர், ரவுட்டர், சிசிடிவி பெட்டி, பிரிண்டர், கிளினிக் போன், டொக்டர் வீட்ட கொண்டு போற லெப்டொப். ஒவ்வொண்டுக்கும் நேர எந்த விண்டோஸ், பாஸ்வேர்ட் ஆருக்குத் தெரியும், அதுக்குள்ள பேஷன்ட்ட விபரம் இரிக்கா இல்லையா எண்டு போடுங்க. சிசிடிவி பெட்டிய எல்லாரும் மறப்பாங்க. கொழுவின ஆள் வெச்ச பாஸ்வேர்டோடயே அது வருசக்கணக்கா இன்டர்நெட்டில நிக்கும்.

2. சொப்ட்வெயார் வித்த ஆக்களிட்ட சாவிய எழுத்தில வாங்குங்க

எனக்கு ஆகலும் இழுபட்ட வேலை இதுதான். எங்களுக்குப் பேஷன்ட் சொப்ட்வெயார் போட்டுத் தந்த ஆக்கள் கொம்பியூட்டருக்குள்ள எனிடெஸ்க்க (தூர இரிந்து உள்ள வாற சொப்ட்வெயார்) வெச்சி, அதுக்கு நிரந்தரமா ஒரு பாஸ்வேர்டும் போட்டு விட்டிருந்தாங்க. நாம கூப்பிடாட்டியும் அவங்கட ஒபிஸில உள்ள எந்தப் பொடியனும் எந்த நேரமும் உள்ள வரலாம். அவங்க நல்ல ஆக்களா இரிக்கலாம், ஆனா அவங்கட ஒபிஸ் கொம்பியூட்டரில ஒருத்தன் பூந்தா அவங்கட வாடிக்கையாளர் எல்லார்ட கதவும் அவனுக்குத் திறந்துதான் இரிக்கும். எனிடெஸ்க் கொம்பனியே தங்கட சிஸ்டத்துக்குள்ள ஆக்கள் பூந்ததா 2024 பெப்ரவரியில அறிவிச்சது.

அவங்களிட்ட கடிதமாவோ இமெயிலாவோ கேக்க வேண்டியது இதெல்லாம்:

- டேட்டாபேஸ் எந்தப் போல்டரில இரிக்கு, எக்ஸ்ரே படங்கள் எந்தப் போல்டரில இரிக்கு
- டேட்டாபேஸ்ட அட்மின் பாஸ்வேர்ட்
- லைசன்ஸ் நம்பர், டொங்கிள் (லைசன்ஸுக்காகக் கொழுவுற சின்னக் குச்சி) இரிந்தா அதுட நம்பர்
- சொப்ட்வெயாரைத் திரும்பப் போடுற செட்அப் பைல், நீங்க பாவிக்கிற அதே வேர்ஷன்
- ஆர்விஜி சென்சர்ட கலிபிரேஷன் பைல்

கடைசியா உள்ளத ஆரும் சொல்லித் தர மாட்டாங்க. கன சென்சருக்குக் கலிபிரேஷன் பைல் எண்டு ஒண்டு தனியா வரும், அது அந்த ஒரு சென்சர்ட சீரியல் நம்பருக்கு மட்டும்தான் சரி, பக்கத்துக் கிளினிக்கில இரிந்து கொப்பி பண்ணிப் போட ஏலாது. கொம்பியூட்டரை முழுசா அழிச்சிப் புதுசாப் போடக்குள்ள அது கையில இல்லாட்டி சென்சர் இரிந்தும் படம் ஒழுங்கா எடுக்க மாட்டீங்க. சென்சரோட வந்த சீடிய அல்லது பென் டிரைவைத் தேடி எடுங்க, லாச்சிக்குள்ள கம் பாக்கெட்டுக்கும் பழைய பில்லுக்கும் கீழ எங்கயாவது கிடக்கும்.

போனில கேட்டா "ஓம் ஓம் அனுப்புறம்" எண்டு சொல்லுவாங்க, வராது. வருசாந்த மெயின்டெனன்ஸ் காசு கட்டுற நேரத்தில கேளுங்க, "இந்த விபரம் கைக்கு வந்த பொறகு செக் எழுதுறம்" எண்டு சொன்னா வந்திரும். அதோட எனிடெஸ்க்ல நிரந்தரப் பாஸ்வேர்டை நிப்பாட்டச் சொல்லுங்க. தேவைப்படக்குள்ள அவங்க கோல் எடுக்கணும், நீங்க திறக்கணும், வேலை முடிய நீங்க மூடணும்.

3. பெக்அப்: ரெண்டு டிஸ்க், ஒண்டு எப்பவும் கிளினிக்குக்கு வெளியில

வேறொண்டும் செய்யாட்டியும் இதைச் செய்யுங்க. பூட்டுப்பட்ட கிளினிக் திரும்பி எழும்புறதும் மூடிப்போறதும் இதிலதான் இரிக்கு. 2023 ஆகஸ்ட்ல எங்கட அரசாங்கத்திட கிளவுட்டையே பூட்டினாங்க, அந்த வருசம் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரைக்கும் உள்ள அரசாங்க இமெயில் போனது போனதுதான், அந்தக் காலத்துக்குத் தனியா எடுத்து வெச்ச பெக்அப் இல்ல.

1 டிபி ஹார்ட் டிஸ்க் ரெண்டு வாங்குங்க. விலை டொலரோட ஏறி இறங்குது, ரெண்டுக்கும் சேத்து அம்பதாயிரம் அளவில ஒதுக்கி வெச்சா போதும். ஒண்டில "அ", மத்ததில "ஆ" எண்டு மார்க்கரால எழுதுங்க. இந்தக் கிழமை "அ"வில எடுத்தா அது டொக்டர்ட வீட்டுக்குப் போகும், "ஆ" கிளினிக்குக்கு வரும், அடுத்த கிழமை மாறும். தினமும் பேஷன்ட் கனக்க வாற இடமெண்டா டேட்டாபேஸை மட்டும் தினமும் எடுங்க, அது சின்ன பைல்தான், படங்களைக் கிழமைக்கு ஒருக்கா எடுக்கலாம்.

இதில ஆக்கள் விழுகிற குழிகள்:

டிஸ்க்கை எப்பவும் கொழுவியே வெச்சிரிக்கிறது. கொம்பியூட்டரைப் பூட்டுறவன் கொழுவி இரிக்கிற டிஸ்க்கையும் சேத்துத்தான் பூட்டுவான். பெக்அப் முடிஞ்ச உடன களட்டி எடுங்க, இதுக்கு மாத்து வழி இல்ல.

பேஷன்ட் விபரத்தை மட்டும் எடுத்துட்டுப் படத்தை விடுறது. கன சொப்ட்வெயாரில பேரு, சிகிச்சை, காசுக் கணக்கு டேட்டாபேஸில இரிக்கும், எக்ஸ்ரே படங்கள் வேற போல்டரில நம்பரை மட்டும் பேரா வெச்சிக் கிடக்கும். எந்த நம்பர் ஆருட பல்லு எண்டு டேட்டாபேஸுக்குத்தான் தெரியும். ஒண்டு போனா மத்ததால பிரயோசனம் இல்ல, ரெண்டையும் ஒரே நேரத்தில எடுக்கணும்.

டேட்டாபேஸ் பைலை வலது கிளிக் கொப்பி பண்றது. சொப்ட்வெயார் ஓடிட்டிரிக்கக்குள்ள எடுத்த கொப்பி பாக்க முழுசாத்தான் இரிக்கும், திறக்கக்குள்ள உடைஞ்சிரிக்கும். சொப்ட்வெயாருக்குள்ளயே பெக்அப் எண்டு ஒரு இடம் இரிக்கும், அதாலதான் எடுக்கணும்.

கூகுள் டிரைவில சிங்க் ஆகுது, அது போதும் எண்டு நினைக்கிறது. இஞ்ச பைல் பூட்டுப்பட்டா அங்கயும் பூட்டுப்பட்ட பைல்தான் ஏறும். பழைய வேர்ஷனை 30 நாள் வெச்சிரிக்கும்தான், ஆனா ஆயிரக்கணக்கான படத்தை ஒவ்வொண்டாத் திருப்பி எடுக்கிற வேலையை நினைச்சிப் பாருங்க. ரெண்டு டிஸ்க்குக்கு மேலதிகமாக் கிளவுட் இரிந்தா நல்லம், அது மட்டும் போதாது.

டிஸ்க்குக்குப் பூட்டு இல்லாம பேக்குக்குள்ள கொண்டு திரியிறதும் கூடாது. பஸ்ஸில விட்டுட்டு இறங்கினா அவ்வளவு பேஷன்ட்ட விபரமும் ரோட்டில. விண்டோஸ் ப்ரோ இரிந்தா பிட்லொக்கரால பாஸ்வேர்ட் போடலாம், ஹோம் வேர்ஷனில போட ஏலாது, ஆனா ப்ரோவில பூட்டின டிஸ்க்கை ஹோமில திறக்க ஏலும். அது தாற ரிகவரி கீயப் பிரிண்ட் எடுத்து வீட்டு அலுமாரியில வையுங்க, அதே கொம்பியூட்டருக்குள்ள சேவ் பண்ணாதீங்க.

மழையையும் மறக்காதீங்க. கார்த்திகை மார்கழியில எங்கட பக்கம் தண்ணி ஏறாத வருசம் குறைவு. கீழ்த்தட்டில கிளினிக் உள்ள ஆக்கள் டிஸ்க்கைக் கீழ் லாச்சியில வைக்க வேணாம், கொம்பியூட்டரையும் நிலத்தில இரிந்து தூக்கி வையுங்க. களவாணியும் தண்ணியும் ஒண்டுதான், உங்களிட்ட கொப்பி இரிக்கா எண்டு ரெண்டும் கேக்காது.

4. எடுத்த பெக்அப்பைத் திருப்பிப் போட்டுப் பாருங்க

இதைச் செய்யாத பெக்அப் பெக்அப் இல்ல. பழைய லெப்டொப் ஒண்டு எடுத்து, இன்டர்நெட் இல்லாம, செட்அப் பைலைப் போட்டு, டிஸ்க்கில உள்ள பெக்அப்பை ஏத்துங்க. பொறகு மூண்டு நாலு பேஷன்ட்டத் திறந்து பாருங்க. பேரு வந்தாப் போதாது, எக்ஸ்ரே திறக்கணும், போன கிழமை எழுதின ரூட் கெனால் குறிப்பு இரிக்கணும், பாக்கிக் காசு சரியா இரிக்கணும். நான் முதல் பாக்கக்குள்ள பேரெல்லாம் வந்தது, படம் இரிக்க வேண்டிய இடத்தில சாம்பல் கட்டம் மட்டும்தான் இரிந்தது. சொப்ட்வெயார் கொம்பனி சொன்ன போல்டர் பழைய போல்டர், புதுப் படங்கள் வேற இடத்துக்குப் போயிட்டு இரிந்திரிக்கு. அதைத் திருப்பிப் போட்டுப் பாத்ததாலதான் கண்டு புடிச்சன். லைசன்ஸ் ரெண்டாவது கொம்பியூட்டரில வேலை செய்யாட்டி கொம்பனியிட்ட தற்காலிக லைசன்ஸ் கேளுங்க.

ஒரு போயா நாளை இதுக்கு ஒதுக்குங்க. முதல் தடவை முழுநாள் புடிக்கும், மூண்டு மாசத்துக்கு ஒருக்கா செய்தா பொறகு ரெண்டு மூண்டு மணித்தியாலம்தான்.

5. விண்டோஸ்

பெக்அப் எடுத்து, சோதிச்ச பொறகுதான் இதுக்கு வரணும். ஏனெண்டா பெரிய அப்டேட் ஒண்டு ஏறினா எக்ஸ்ரே டிரைவர் வேலை செய்யாமப் போகக்கூடும், அண்டைக்குப் பின்னேரம் பேஷன்ட் வந்து கதிரையில இரிப்பாங்க.

விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோட அப்டேட் முடிஞ்சது, விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சது. உங்கட கொம்பியூட்டர் 11ஐத் தாங்குமா எண்டு பாருங்க, இன்டெல் எண்டா எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சிப்பும் வேணும். தாங்காட்டி புதுசு வாங்கக்குள்ள முதல்ல ரிசெப்ஷன் கொம்பியூட்டரை மாத்துங்க, இமெயில், வட்சப், பென் டிரைவ் எல்லாம் வந்து இறங்கிற இடம் அதுதான். ஓபிஜி மெஷினோட வந்த பழைய கொம்பியூட்டரை மாத்த ஏலாட்டி அதை இன்டர்நெட்டில இரிந்து முழுசா களட்டிடுங்க, படம் எடுக்கிறதுக்கு இன்டர்நெட் தேவையில்ல.

எங்கட பக்கத்துக்கே உள்ள பிரச்சினை ஒண்டு இரிக்கு. கன டொக்டர்மார் பகல்ல அரசாங்க ஆசுபத்திரியில, பின்னேரம் நாலு மணிக்குப் பொறகுதான் கிளினிக். கொம்பியூட்டர் நாலு மணிக்கு எழும்பும், ஒம்பது மணிக்குப் படுக்கும், அப்டேட் ஏற நேரமே இல்ல, ஏறத் தொடங்கினா "பேஷன்ட் நிக்கிறாங்க" எண்டு பிள்ளைகள் பட்டனை அமத்தி நிப்பாட்டுவாங்க. செட்டிங்ஸில அக்டிவ் ஹவர்ஸ் எண்டு உள்ள இடத்தில பின்னேரம் 4 தொடக்கம் ராவு 9 எண்டு போடுங்க, கிழமையில ஒரு ராவைக்குக் கொம்பியூட்டரை ஓப் பண்ணாம விடுங்க. கரண்ட் போற நேரத்துக்கு ஒரு யுபிஎஸ் வேணும், அப்டேட் நடுவில கரண்ட் போனா விண்டோஸே எழும்பாமப் போகும்.

அண்டிவைரஸுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்ல, விண்டோஸோட வாற டிஃபெண்டர் போதும், அதை ஆரும் நிப்பாட்டாம இரிந்தாச் சரி. நிப்பாட்டச் சொல்ற ஆக்கள் ரெண்டு வகை. ஒண்டு, கள்ள விண்டோஸ் போட்டுத் தாற ஆக்கள், அக்டிவேட்டர் ஓடுறதுக்கு டிஃபெண்டரை நிப்பாட்டித்தான் ஆகணும், அதோட என்ன சேந்து வருது எண்டு அவங்களுக்கே தெரியாது. மற்றது, பல் சொப்ட்வெயார் போட வாற ஆக்கள், "ஸ்லோ ஆகுது" எண்டு முழுசா நிப்பாட்டிட்டுப் போவாங்க. அப்பிடி எண்டா அவங்கட டேட்டாபேஸ் போல்டரை மட்டும் விலக்கச் சொல்லுங்க, அதுக்கு மேல விடாதீங்க. விண்டோஸ் லைசன்ஸ் விலை கூடத்தான், ப்ரோ 199 டொலர், ஆனா புது லெப்டொப்போட சேந்து வாறதா வாங்கினா தனியாக் கட்டத் தேவையில்ல.

6. ரவுட்டரும் வைபையும்

ரவுட்டருக்கு அடியில ஸ்டிக்கரில உள்ள அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க. வாற பேஷன்டுக்கு வைபை குடுக்கிறதெண்டா கெஸ்ட் நெட்வொர்க் திறந்து குடுங்க, கிளினிக் வைபை பாஸ்வேர்டைச் சுவரில ஒட்டாதீங்க. டொக்டர் வீட்டில இரிந்து எக்ஸ்ரே பாக்கிறதுக்கு ஆராவது ரவுட்டரில 3389 எண்ட போர்ட்டை (வெளியில இரிந்து கொம்பியூட்டருக்குள்ள வாற வாசல்) திறந்து விட்டிருந்தா இண்டைக்கே மூடுங்க. பூட்டுக்காரங்க ஆகலும் கூட வாற வாசல்கள்ல அது ஒண்டு.

7. பாஸ்வேர்டும் பிள்ளைகளும்

ஒவ்வொருத்தருக்கும் தனிப் பேரில லொகின் குடுங்க. எல்லாரும் ஒரே "அட்மின்"ல வேலை செய்தா, ஒரு பிள்ளை தெரியாமத் திறந்த பைல் முழுக் கொம்பியூட்டரையும் புடிக்கும். வேலையை விட்டுப் போற அண்டைக்கே அவங்கட லொகினை மூடுங்க, இது சந்தேகம் இல்ல, ஒழுங்கு. இமெயிலுக்கு ரெண்டாவது பூட்டு கட்டாயம் போடுங்க, அதுக்குக் கோட் நம்பர் தாற ஒத்தென்டிகேட்டர் அப் போனில இலவசம்.

பேஷன்ட் வேற இடத்தில எடுத்த ஓபிஜியப் பென் டிரைவில, சீடில கொண்டு வருவாங்க. பேஷன்ட் சொப்ட்வெயார் உள்ள கொம்பியூட்டரில அதைக் கொழுவ வேணாம். நாலாவது படியில சோதிக்க எடுத்த பழைய லெப்டொப் இதுக்கும் உதவும், ஆனா பேஷன்ட் விபரத்தை ஏத்திப் பாத்திருந்தா அதை முதல்ல அழிச்சிடுங்க.

8. வட்சப்பும் காசும்

கிளினிக் நம்பர் பறிபோனா, உங்கட பேரிலயே பேஷன்டுகளிட்ட "அவசரமாக் காசு போடுங்க" எண்டு மெசேஜ் போகும். வட்சப்ல டூ ஸ்டெப் வெரிபிகேஷன் எண்டு உள்ள ஆறு இலக்கத்தைப் போடுங்க. போனுக்கு வாற கோட் நம்பரை ஆரு கேட்டாலும் குடுக்க வேணாம் எண்டு ரிசெப்ஷன் பிள்ளைக்குச் சொல்லி வையுங்க, தெரிஞ்ச டொக்டர்ட நம்பரில இரிந்து கேட்டாலும் சரி. மாசத்துக்கு ஒருக்கா லிங்க்ட் டிவைசஸைத் திறந்து தெரியாத கொம்பியூட்டர் இரிந்தாக் களட்டுங்க. மருந்து, மெட்டீரியல் சப்ளையர் "எங்கட பேங்க் நம்பர் மாறிட்டு" எண்டு அனுப்பினா, பழைய பில்லில உள்ள நம்பருக்குக் கோல் எடுத்துக் கேட்ட பொறகுதான் காசு போடணும், அந்த மெசேஜில உள்ள நம்பருக்கு எடுக்கப்படாது.

9. ஒரு பைலுக்குள்ள இரிக்க வேண்டிய பேப்பர்

2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில சுகாதார விபரம் விசேஷமாப் பாதுகாக்க வேண்டிய வகை. விபரம் களவு போனா தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவிக்கிற கடமையும் அதில இரிக்கு. சட்டம் பகுதி பகுதியாத்தான் நடைமுறைக்கு வருது, அதுக்காகப் பாத்துட்டு இரிக்க வேணாம். இதெல்லாம் பிரிண்ட் எடுத்து ஒரு பைலில வையுங்க: முதலாம் படியில எழுதின லிஸ்ட், சொப்ட்வெயார் கொம்பனியோட உள்ள ஒப்பந்தம், அதில பேஷன்ட் விபரத்தை வெளியில குடுக்கிறதில்ல, எங்கட அனுமதி இல்லாம உள்ள வாறதில்ல எண்ட ரெண்டு வரியும் இரிக்கணும், வேலை செய்யிற ஆக்கள் கையெழுத்து வெச்ச ரகசியக் கடிதம், கொம்பியூட்டர், சென்சர், டிஸ்க் பில், பெக்அப் எடுத்த திகதிப் புத்தகம். கொம்பியூட்டர் இல்லாத நாளைக்கு எழுதுறதுக்கு வெறும் பேஷன்ட் கார்ட் ஒரு கட்டும் வையுங்க.

10. பூட்டுப்பட்டா

பைல் பேரெல்லாம் மாறி, காசு கேட்டு ஒரு எழுத்து ஸ்கிரீனில வந்தா முதல்ல இன்டர்நெட் வயரைப் புடுங்குங்க, வைபையை நிப்பாட்டுங்க, மத்தக் கொம்பியூட்டர் எல்லாத்தையும் பிரிச்சி விடுங்க. பூட்டுப்பட்டதை ரீஸ்டார்ட் பண்ண வேணாம், உடன போர்மெட் அடிக்கவும் வேணாம். ஸ்கிரீனைப் போனால போட்டோ எடுங்க. பெக்அப் நல்லமா எண்டு பாக்கிற அவசரத்தில டிஸ்க்கை அதில கொழுவிப்போடாதீங்க, பதட்டத்தில கை தானாப் போகும், கடைசியா இரிந்த நல்ல கொப்பியும் போயிரும்.

101க்கு எடுங்க, அது ஸ்ரீலங்கா சேர்ட் எண்ட, கொம்பியூட்டர் பாதுகாப்பைப் பாக்கிற அரசாங்க நிறுவனத்திட நம்பர். பக்கத்துப் பொலிஸில முறைப்பாடு குடுத்து என்ட்ரி நம்பரை எழுதி வாங்குங்க. 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குக் கீழ இது குற்றம், "கொம்பியூட்டர் பழுதானதுக்கு ஏன் இஞ்ச வந்த" எண்டு கேட்டா அந்தச் சட்டத்தைச் சொல்லுங்க. பேங்க் லொகின், இமெயில் பாஸ்வேர்ட் எல்லாத்தையும் வேற நல்ல கொம்பியூட்டரில இரிந்து மாத்துங்க.

காசு கட்டாதீங்க. கட்டினாத் தருவான் எண்டதுக்கு ஒரு உத்தரவாதமும் இல்ல, தந்தாலும் பேஷன்ட்ட விபரத்தைக் கொப்பி எடுத்திரிப்பான். பேஷன்டுகளுக்கு மறைக்கவும் வேணாம், வேற ஆள் சொல்லிக் கேள்விப்பட்டா அந்த நம்பிக்கை திரும்பி வராது. பூட்டுப்பட்ட டிஸ்க்கைக் களட்டி திகதி எழுதி எடுத்து வெச்சிட்டு, புது டிஸ்க்கில விண்டோஸ் போட்டு வேலையைத் தொடங்குங்க. யூரோபோலும் நெதர்லாந்து பொலிஸும் சேந்து 2016ல தொடங்கின நோ மோர் ரேன்சம் எண்ட தளத்தில கன வகைப் பூட்டுக்கு இலவசச் சாவி இரிக்கு. உங்கடதுக்கு இண்டைக்கு இல்லாட்டியும் மாசத்துக்கு ஒருக்காப் போய்ப் பாருங்க, பூட்டினவங்கள பொலிஸ் புடிக்கக்குள்ள சாவி வெளியில வாறது உண்டு.

கம்பனி விபரம் கேக்கிறது, பெக்அப், சோதனை, விண்டோஸ் எல்லாம் சேத்து வேலைக்குப் போய்க்கிட்டே செய்தா ஒண்டு ஒண்டரை மாசம் எடுக்கும், அதில பாதி கொம்பனிட பதிலுக்குக் காத்திரிக்கிற நேரம். அதால ரெண்டாவது படியில உள்ள கடிதத்தை இண்டைக்கே அனுப்பிட்டு, அது வாறதுக்கிடையில டிஸ்க் ரெண்டையும் வாங்கி வையுங்க.